‘பாலே’: ஸ்பெயினில் முதலில் பழகவேண்டிய சொல்

மாட்ரிட் விமான நிலையத்தில் இறங்கி வாடகை அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு சொல் திரும்பத் திரும்ப உங்கள் காதில் விழும். டாக்ஸிக்காரர் சொல்வார், சாவி கொடுப்பவர் சொல்வார், மெட்ரோவில் பக்கத்தில் போன் பேசுகிறவர் மூச்சுக்கு மூச்சு சொல்வார். அதுதான் ‘பாலே’. எழுத்தில் வி-ஏ-எல்-இ. ஸ்பானிஷில் வி-க்கும் பி-க்கும் ஒரே ஒலி என்பதால் ‘வாலே’ என்று படிக்காதீர்கள். ‘பஸ்’ என்பதில் வரும் ப-வில் தொடங்குங்கள்.

நம் ‘சரி’ செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. ‘பாலே?’ என்று இழுத்தால் ‘சரியா?’, ‘பாலே’ என்று முடித்தால் ‘சரி’. நீ, நீங்கள் என்ற வித்தியாசம் இதில் இல்லை. வீட்டுக்காரப் பாட்டியிடமும் கூடப் படிக்கும் பையனிடமும் இதையே சொல்லலாம். அலுவலகக் கடிதத்தில் மட்டும் ‘தே அக்வெர்தோ’ என்று எழுதுங்கள், அதுதான் மரியாதை.

இந்தச் சொல்லின் வேரைப் பிடித்துக்கொண்டால் மற்ற பயன்பாடுகள் தானாக விளங்கும். ‘இந்த நிலம் பத்து லட்சம் பெறும்’ என்கிறோமே, அந்தப் ‘பெறும்’தான் இது. அந்த நோட்டு ‘செல்லும்’, ‘செல்லாது’ என்பதும் இதுவே. கடையில் ‘குவாந்தோ பாலே?’ என்றால் என்ன விலை என்று கேட்கிறோம். ‘பாலே லா பேனா’ என்றால் பட்ட பாட்டுக்குத் தகும். சட்டையைப் போட்டுப் பார்த்து ‘நோ மே பாலே’ என்றால் எனக்கு அளவு சேரவில்லை. பூங்காவில் குழந்தைகள் ‘நோ பாலே!’ என்று கத்துவதைக் கேட்பீர்கள். நம் தெருவில் ‘செல்லாது, செல்லாது!’ என்று கத்தினோமே, அச்சு அசல் அதுதான்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. புரியாதபோது தயவுசெய்து ‘பாலே’ சொல்லாதீர்கள். எதிரில் இருப்பவரைச் சிரமப்படுத்த வேண்டாமே என்று ‘சரி சரி’ சொல்லிப் பழகியவர்கள் நாம். இங்கே நீங்கள் ‘பாலே’ சொன்னதும், புரிந்துவிட்டது, ஒத்துக்கொண்டார் என்று அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுவார்கள்.

வந்த முதல் மாதம் மகளுக்குக் காய்ச்சல். மருத்துவ மையத்துக்குப் போன் செய்தேன். வரவேற்பில் இருந்த பெண் ‘ஆ லாஸ் தோஸ் மேனோஸ் க்வார்த்தோ, பாலே?’ என்றார். தோஸ் என்றால் இரண்டு, க்வார்த்தோ என்றால் கால், அது வரை தெரியும். ‘பாலே’ என்று சொல்லிவிட்டு இரண்டேகாலுக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றேன். மேனோஸ் என்றால் ‘குறைய’. இரண்டுக்குக் கால் மணி குறைய, அதாவது ஒன்றே முக்கால். எங்கள் முறை எப்போதோ போயிருந்தது. மறுநாள்தான் வேறு நேரம் கிடைத்தது. அந்த இரவை நான் மறக்கவில்லை.

அதனால் இந்த மூன்றையும் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்யுங்கள். ‘பெர்தோன், நோ எந்தியெந்தோ’: மன்னிக்கணும், புரியவில்லை. ‘மாஸ் தெஸ்பாத்தியோ, போர் பவோர்’: கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். ‘மே லோ புயேதே எஸ்க்ரிபீர்?’: எழுதித் தர முடியுமா? நான் கேட்டவர்களில் ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. வீடு பார்க்கும்போது இவை கட்டாயம் தேவை. ‘காஸ்தோஸ் அபார்த்தே’ என்று சொன்னால் கரண்ட், தண்ணீர் எல்லாம் வாடகைக்கு மேல் தனி. அதைக் கேட்காமல் ‘பாலே’ சொன்னவர்களுக்கு முதல் மாத பில் வரும்போதுதான் விஷயம் தெரிகிறது.

இன்னொன்று, நம் தலையாட்டல். ‘சரி’ என்று நாம் பக்கவாட்டில் தலையை அசைப்பது இவர்களுக்கு ‘இல்லை’ மாதிரித் தெரியும். வாய் ஒன்று சொல்ல, தலை வேறொன்று சொன்னால் குழம்பிப்போவார்கள். மேலும் கீழுமாக ஒருமுறை அசைத்தால் போதும்.

இந்தச் சொல் ஸ்பெயினுக்கு உரியது. மெக்சிகோவில் சம்மதத்துக்கு ‘சாலே’, அர்ஜென்டினாவில் ‘தாலே’, கொலம்பியாவில் ‘லிஸ்தோ’. இங்கே ‘மே பாலே’ என்றால் ‘எனக்கு ஒத்துவரும்’. மெக்சிகோக்காரரிடம் அதையே சொன்னால் ‘எனக்கென்ன கவலை’ என்று முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடும்.

போனில் ‘பாலே, பாலே, பெங்கா, அஸ்தா லுவேகோ’ என்று வந்தால் பேச்சு முடிகிறது. கேட்க வேண்டியது பாக்கி இருந்தால் முதல் ‘பாலே’யிலேயே குறுக்கிட்டுக் கேளுங்கள்.

கடைசியாக, ‘ஊன் பாலே’ என்று ஒரு சீட்டு உண்டு. நேரில் போய் வாங்கிய பொருளில் குறை ஏதும் இல்லையென்றால், பிடிக்கவில்லை என்பதற்காகக் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று சட்டம் இல்லை. பல கடைகள் அந்தத் தொகைக்கு இந்தச் சீட்டைத் தருவார்கள். எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்த்து வாங்குங்கள். பொருள் பழுதாக இருந்தால் கதையே வேறு. 2022 ஜனவரியிலிருந்து புதுப் பொருள்களுக்குச் சட்டப்படி 3 ஆண்டு உத்தரவாதம் உண்டு. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு ‘எஸ்தா என் கரந்தீயா’ என்று சொல்லுங்கள், உத்தரவாதத்தில் இருக்கிறது என்று பொருள். பழுது பார்த்துத் தரச் சொல்லியோ மாற்றித் தரச் சொல்லியோ கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அந்த நேரத்தில் அவர்கள் சீட்டை நீட்டினால் ‘பாலே’ சொல்லிவிடாதீர்கள்.