ரமோன்ஸ்: அந்தக் கழுகு டி-ஷர்ட்டை வைத்துச் செய்யும் தவறுகள்

கிட்டார் கற்க வருகிற பிள்ளைகளில் யாராவது ஒருவர் கறுப்பு டி-ஷர்ட்டில் ரமோன்ஸ் என்ற அமெரிக்க பங்க் ராக் குழுவின் கழுகுச் சின்னத்தோடு வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. அதில் தவறே இல்லை. போடுகிற எல்லாரும் பாட்டைக் கேட்டிருக்க வேண்டும் என்று பரீட்சை வைக்கிற ஆள் நான் இல்லை. ஆனால் அந்தக் குழுவைப் பற்றிப் பேச்சு எடுத்ததும், நாங்கள் அந்த வயதில் நம்பிய அதே பிசகான கதைகள் திரும்பி வருகின்றன. சிலர் “வெறும் டி-ஷர்ட் குழு” என்று தள்ளிவிடுகிறார்கள். சிலர் அந்த டி-ஷர்ட்டையே முன்னேறும் வழியாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தார் கைக்காசையும் இழக்கிறார்கள்.

நால்வரும் உடன்பிறந்தவர்கள், லண்டன்காரர்கள் என்பது போன்ற சின்னப் பிழைகளை விட்டுவிடுகிறேன். இணையத்தில் ஒருமுறை தேடினால் அவை சரியாகிவிடும்.

“மூணு கார்ட்தானே” என்பது

கார்ட், அதாவது சில சுரங்களைச் சேர்த்துப் பிடிப்பது, எளிதுதான். கடினம் வலது கையில் இருக்கிறது. குழுவின் கிட்டார்காரர் ஜானி ரமோன் ஏறக்குறைய எல்லாவற்றையும் கீழ்நோக்கியே அடித்தார். மேலே கை போகும்போது கம்பியைத் தொடுவதில்லை. ‘பிளிட்ஸ்கிரீக் பாப்’ பாட்டின் வேகத்தில் இது வினாடிக்குக் கிட்டத்தட்ட ஆறு அடி. பிள்ளைகளிடம் நான்கு பாட்டை நிறுத்தாமல் இப்படி அடிக்கச் சொல்வேன். இரண்டாவது பாட்டிலேயே முன்கை இறுகிப்போய், பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) தன்னையறியாமல் மேலும் கீழும் ஆட ஆரம்பிக்கும். அந்த நொடியில் ஒலி மெலிந்துவிடும். மேடையில் ரமோன்ஸ் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே பேச்சே இல்லாமல், பேஸ் கிட்டார் வாசித்த டீ டீ ‘ஒன் டூ த்ரீ ஃபோர்’ எண்ணியதும் அடுத்ததில் இறங்கினார்கள்.

முதல் ஆல்பத்தை ஹெட்போனில் கேளுங்கள். இடது காதில் பேஸ், வலது காதில் கிட்டார் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இடது பக்கத்தைக் கழற்றிவிட்டால் பேஸ் இல்லாமல் ஜானியின் கை தெளிவாகக் கேட்கும். பாடம் கற்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

1976 ஜூலை 4-ஐ மந்திர நாளாக்குவது

லண்டனின் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் அன்று ரமோன்ஸ் வாசித்தார்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளாஷ் என்ற பிரிட்டிஷ் பங்க் குழு பிறந்தது என்று சொல்பவர்கள் உண்டு. அதே நாளில் கிளாஷ் ஷெஃபீல்டு நகரில், செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற இன்னொரு பங்க் குழுவுக்கு முன்னால், தன் முதல் மேடையை ஏறிக்கொண்டிருந்தது. அதே வகைக் குழுவான தி டேம்டின் முதல் நிகழ்ச்சியும் ஜூலை 6 அன்றே நடந்துவிட்டது. ரமோன்ஸைப் பார்த்த கையோடு இரண்டே நாளில் யாரும் குழு கட்டி மேடையேற முடியாது.

ரமோன்ஸின் தாக்கம் வேறு வழியில் வந்தது. அவர்களுடைய முதல் ஆல்பம் அதே ஆண்டு ஏப்ரலில் வந்துவிட்டது. அந்த இசைத்தட்டைப் போட்டுக்கொண்டு தானும் பால் சிமனனும் நாள்கணக்கில் கூடவே வாசித்துப் பழகியதை கிளாஷின் ஜோ ஸ்ட்ரம்மரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தாக்கம் என்றால் இப்படித்தான் நடக்கும்: ஒரு அறையில், ஒரே தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு.

டி-ஷர்ட்டை முதலில் வைப்பது

இதற்குத்தான் இந்தக் கட்டுரையே.

என்னிடம் படித்த சிலர் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். முழுதாக முடிந்த சொந்தப் பாட்டு இரண்டுதான் இருந்தது. ஸ்டூடியோவுக்கென்று மாதக்கணக்கில் சேர்த்த பணத்தை எடுத்து லோகோ வரையக் கொடுத்தார்கள். பிறகு, கொஞ்சமாகப் போட்டால் ஒன்றுக்கான விலை ஏறுகிறது என்று மொத்தமாக டி-ஷர்ட் அச்சடித்துவிட்டார்கள். கேட்டபோது வந்த பதில்: “ரமோன்ஸ் ஆல்பத்தைவிட டி-ஷர்ட்டைத்தான் அதிகமா வித்தாங்களாம் சார். அதான் நாங்களும் அங்கேருந்தே ஆரம்பிச்சோம்.”

முதல் வாக்கியம் எங்கும் புழங்குகிற பேச்சு. எரிச்சல் வருவது இரண்டாவதில். ரமோன்ஸ் அங்கிருந்து ஆரம்பிக்கவே இல்லை. சொந்தபந்தமும் நண்பர்களும் வாங்கியதோடு இந்தப் பிள்ளைகளின் விற்பனை நின்றுவிட்டது. கேட்டுவிட்டு வாங்க ஒரு பாட்டு வெளியே இருந்தால்தானே அறிமுகமில்லாத ஒருவர் வாங்குவார்? ஸ்டூடியோ தேதி போயே போய்விட்டது.

நடந்ததை வரிசையாக வைத்துப் பார்ப்போம். 1974-இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதி, ஃபாரஸ்ட் ஹில்ஸில் குழு உருவாகிறது. அந்த ஆகஸ்டில் பௌரி தெருவின் சிபிஜிபி கிளப்பில் வாசிக்கத் தொடங்குகிறார்கள். 1976-இல் ஏறக்குறைய 6,400 டாலர் செலவில், சில நாட்களில், 14 பாட்டு கொண்ட முதல் ஆல்பம். மொத்தமே 29 நிமிடம். அதன் முன்னட்டையில் செங்கல் சுவரில் சாய்ந்து நிற்கும் நால்வர்தான் இருக்கிறார்கள். இன்று நாம் மார்பில் போட்டுக்கொள்கிற வட்ட முத்திரை 1977-இல் வந்த இரண்டாவது ஆல்பமான ‘லீவ் ஹோம்’ பின்னட்டையில்தான் வருகிறது.

அதை வரைந்தவர் ஆர்துரோ வேகா. மெக்சிகோவிலிருந்து வந்த ஓவியர், சிபிஜிபிக்குப் பக்கத்திலேயே குடியிருந்தவர். அமெரிக்க அதிபரின் முத்திரையை எடுத்து, கழுகின் ஒரு காலில் ஒலிவக் கிளைக்குப் பதில் ஆப்பிள் கிளையையும், இன்னொன்றில் அம்புகளுக்குப் பதில் பேஸ்பால் மட்டையையும் கொடுத்தார். ஜானிக்கு பேஸ்பால் என்றால் உயிர். வேகா விளம்பர நிறுவனத்திலிருந்து வந்தவர் அல்ல. குழுவோடு ஊர் ஊராகப் போய், மேடை விளக்குகளைப் பார்த்துக்கொண்டு, டி-ஷர்ட்டும் விற்றவர்.

ஆல்பங்கள் போதிய அளவு விற்காததால்தான் அந்த விற்பனை அவ்வளவு முக்கியமானது. முதல் ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் 111-ஆம் இடத்தோடு நின்றது. அதிக விற்பனைக்கான ‘கோல்டு’ சான்று அதற்குக் கிடைத்தது 2014-இல், 38 ஆண்டுகள் கழித்து. அந்த நிலையிலும் 1996 வரை 2,263 நிகழ்ச்சிகளை அவர்கள் நடத்தினார்கள். வேனுக்கு எரிபொருள் போட டி-ஷர்ட் காசு உதவியது. வேன் போன ஊரிலெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் கிட்டாரை எடுத்தவர்கள் இருந்தார்கள். இசையா, வியாபாரமா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறவர்களுக்கு இந்தத் தொடர்பு தப்பிப்போகிறது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வாஷிங்டனின் பேட் பிரெய்ன்ஸ் குழு தன் பெயரை எடுத்தது 1978-இல் வந்த ஒரு ரமோன்ஸ் பாட்டிலிருந்து. மெட்டாலிகா என்ற மெட்டல் இசைக்குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு கீழ்நோக்கியே அடிக்கும் தன் பாணிக்கு ஜானியைக் காரணம் காட்டியிருக்கிறார். அந்தப் பாணி முழுவீச்சில் கேட்கும் ‘மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்’ ஆல்பம் வந்தது 1986-இல். இந்தக் கழுகு பல கிளைகள் கொண்ட பெரிய துணிக்கடைகளில் தொங்க ஆரம்பித்தது ரமோன்ஸ் கலைந்த பிறகு. துணிக்கடைக்கு வருமுன்பே இத்தனை பேரின் கையை மாற்றிவிட்ட இசையை, துணிக்கடைதான் பெரிதாக்கியது என்று எப்படிச் சொல்ல முடியும்? ரசிகர்களின் எண்ணிக்கையை டி-ஷர்ட் பெருக்கியது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். வாசிப்பவர்களை உண்டாக்கியது அந்த 29 நிமிடம்.

அமெரிக்கப் பட்டியலை மட்டும் பார்ப்பது

சொந்த நாட்டில் கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்த அதே குழு, 1996 மார்ச்சில் புவெனஸ் ஐரிஸில் ரிவர் பிளேட் கால்பந்து மைதானத்தை நிரப்பியது. பாணியில் அவர்களைப் பின்தொடர்ந்து அர்ஜென்டினாவில் குழுக்களே கிளம்பின. அத்தாக்கே 77 அதில் பெரிய பெயர். ஜப்பானில், ஒசாகாவின் ஷோனென் நைஃப் குழு 2011-இல் முழு ஆல்பத்தையே ரமோன்ஸ் பாட்டுகளால் நிரப்பியது. 111 என்ற எண்ணில் இதெல்லாம் தெரியாது.

மிஸ்ஃபிட்ஸுக்கும் இதே கதை என்பது

இல்லை. மிஸ்ஃபிட்ஸ் இன்னொரு அமெரிக்க பங்க் குழு. அவர்கள் டி-ஷர்ட்டில் இருக்கும் மண்டையோடு 1946-இல் வந்த ஒரு தொடர்படத்திலிருந்து எடுத்தது. குழு 1983-இல் உடைந்த பிறகுதான் அவர்கள் புகழ் பெருகியது. தனியாக எழுத வேண்டிய விஷயம்.

வேகம் மட்டுமே ரமோன்ஸ் என்று நினைப்பது

பாடகர் ஜோயியின் குரலைக் கவனியுங்கள். 1960-களின் பெண்கள் குழுக்களில் ஊறிய மெட்டு அது. பிரிட்டனில் அவர்கள் தொட்ட உயரமான இடம், 1980-இல் எட்டாவது, அப்படியொரு பெண்கள் குழுவான ராணெட்ஸின் ‘பேபி, ஐ லவ் யூ’வைத் திரும்பப் பாடியதற்குக் கிடைத்தது.