உங்க ஆட்டோ மாடலை கம்பெனி நிறுத்திட்டானா? விக்கிறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

மாடல் நின்னுபோச்சுன்னு சேதி வந்தா ஸ்டாண்டுல ரெண்டு கோஷ்டி கெளம்பும். ஒண்ணு, "வண்டியை இன்னைக்கே தள்ளிவிடு, நாளைக்கு இரும்பு வெலைக்குக்கூட போகாது"னு சொல்ற கோஷ்டி. இன்னொண்ணு, கையில இருக்கற காசையெல்லாம் போட்டு ஸ்பேர் வாங்கி கட்டிலுக்கு அடியில அடுக்கற கோஷ்டி. குன்னூர், ஊட்டி, கோத்தகிரி எங்க பாத்தாலும் இதே கதைதான். ரெண்டுமே வேண்டாங்க. மாடல் நின்னா வண்டியில ஒரு பத்து பன்னெண்டு சாமான்தான் உண்மையிலேயே கஷ்டமாகும், மத்ததெல்லாம் எப்பவும் கெடைக்கும், அந்த பத்து பன்னெண்டு எதுன்னு கண்டுபிடிக்கறதுதான் வேலையே.

மொதல்ல என்ன நின்னுச்சுன்னு தெளிவா கேளுங்க. டீசல் மட்டும் நின்னுச்சா, பெட்ரோலும் சேத்தா, பேசஞ்சர் மட்டுமா, லோடு வண்டியுமா, இல்ல பேரை மாத்திட்டு அதே இன்ஜினை வேற பாடில போடறானா. முக்காவாசி நேரம் நிக்கறது ஒரு வேரியண்ட்தான், ஆனா ஸ்டாண்டுக்கு வந்து சேரும்போது "கம்பெனியே மூடிட்டான்"னு ஆயிடும். புகை விதி (பிஎஸ்3, பிஎஸ்6-னு சொல்றது அதோட படிகளைத்தான்) மாறும்போதெல்லாம் இது நடக்கும்: 2017 ஏப்ரல் 1-க்கு அப்புறம் பிஎஸ்3 விக்கக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னப்ப, 2020 ஏப்ரல் 1-ல பிஎஸ்6 வந்தப்ப, 2023-ல ஓபிடி (புகை கோளாறை வண்டியே கண்டுபிடிச்சு காட்டற ஏற்பாடு) விதி இறுகினப்ப, ஒவ்வொரு தடவையும் சில மாடல் காணாமப்போச்சு. இன்ஜினை புது விதிக்கு மாத்தற செலவு அந்த மாடல் விக்கற அளவுக்கு கட்டுப்படியாகலன்னா கம்பெனிக்காரன் நிறுத்திடுவான், அவ்ளோதான், வண்டி மோசம்னு அர்த்தம் இல்ல.

இன்னொரு விஷயம் கேட்டு வைங்க, அதே வண்டி எக்ஸ்போர்ட்டுக்கு ஓடுதான்னு. நம்ம ஊர் ஆட்டோ ஸ்ரீலங்கா, ஆப்பிரிக்கா பக்கமெல்லாம் போகுது. இங்க விக்கறத நிறுத்தினாலும் அங்க அனுப்பறதுக்கு அதே இன்ஜினை தயார் பண்ணிட்டு இருந்தான்னா ஸ்பேர் பத்தி கவலையே பட வேண்டாம்.

கம்பெனியே கடையை கட்டிட்டா? ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல இந்தியாவுல கார் விக்கறத நிறுத்தினான், ஃபோர்டு 2021 செப்டம்பர்ல மறைமலைநகர் உட்பட இங்க தயாரிக்கறத நிறுத்தப் போறேன்னு அறிவிச்சான், ரெண்டு பேருமே சர்வீஸும் ஸ்பேரும் தொடரும்னு சொல்லித்தான் போனாங்க. அமெரிக்காவுல போலாரிஸ் கம்பெனி 2017-ல விக்டரி பைக்கை மூடும்போது 10 வருஷத்துக்கு ஸ்பேர் தருவோம்னு வருஷம் போட்டே சொன்னான். நாம கேக்க வேண்டியதும் இதுதான், "எத்தனை வருஷம்?"னு. வாயில கேட்டா "அதெல்லாம் வரும் சார்"னுதான் பதில் வரும், அதனால மெயில்ல கேளுங்க, சேசிஸ் நம்பர் போட்டு கேளுங்க. வாரண்டி பாக்கி இருந்தா அது மாடல் நின்னதால போகாது, அது விக்கும்போது குடுத்த வாக்கு. யாராச்சும் கவுண்டர்ல "மாடலே இல்ல, வாரண்டி எப்படி?"னு சொன்னா ஜாப் கார்டுல அதையே எழுதித்தர சொல்லுங்க, எழுத மாட்டான்.

சரி, சாமானுக்கு வருவோம். டீலர்கிட்ட அந்த மாடலோட பார்ட்ஸ் கேட்டலாக் இருக்கும், அதை இப்பவே போட்டோ எடுத்து வைங்க. பின்னாடி டீலரே ஷட்டரை இழுத்துட்டான்னா அந்த புக்குதான் உங்களுக்கு ஆதாரம். அதுல ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பார்ட் நம்பர் இருக்கும், அதே நம்பர் இப்ப விக்கற வேற மாடல்லயும் இருக்கான்னு பாத்தா பாதி பயம் தெளிஞ்சிடும். பிரேக் ஷூ, வீல் சிலிண்டர், ஷாக் அப்சார்பர், கிளட்ச் பிளேட் மாதிரி நெறைய சாமான் அண்ணன் தம்பி மாடல்லயும் அதேதான் போட்டிருப்பான், ஸ்டிக்கரும் கவரும்தான் வேற.

அடுத்தது, கம்பெனி பேரே தேவையில்லாத சாமான். பேரிங்கை கழட்டினதும் தூக்கி எறியாம துணியால தொடைச்சு அதோட ஓரத்துல பாருங்க, 6203, 6204, 6301-னு ஏதாச்சும் ஒரு நம்பர் வெட்டியிருக்கும். 6203-ன்னா உள் வட்டம் 17 எம்எம், வெளி வட்டம் 40, கனம் 12, உலகத்துல எந்த கம்பெனி பேரிங் வாங்கினாலும் இதே அளவுதான். கூட சி3-ன்னு இருந்தா அதையும் குறிச்சுக்கணும், அது உள்ள இருக்கற லூசு சம்பந்தப்பட்டது, சூடாகற எடத்துக்கு சி3 போட்டிருந்தா அதே சி3-தான் போடணும். ஆயில் சீலும் அப்படித்தான், ரப்பர் மேலயே உள், வெளி, கனம் மூணு நம்பரும் வரிசையா இருக்கும், வெரல்ல தடவினா தெரியும். இந்த நம்பரையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வண்டியிலயே வெச்சுக்கோங்க. கோயமுத்தூர்ல பேரிங் கடைக்கு போய் "இந்த வண்டிக்கு பின் வீல் பேரிங்"னு கேட்டா "அந்த மாடல் நின்னுபோச்சே"ம்பான், "6204 ரெண்டு குடுங்க"ன்னா எடுத்து மேஜையில வெப்பான். அவ்ளோதாங்க வித்தியாசம்.

பிஸ்டன், சிலிண்டர் பத்தியும் ரொம்ப பயப்படாதீங்க. லேத்துல போர் பண்ணி 0.25, 0.50 எம்எம்-னு ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு ஓட்டலாம், கோயமுத்தூர்ல லேத்துக்கா பஞ்சம். யமஹா ஆர்எக்ஸ்100 நின்னது 1996-ல, இன்னைக்கும் அதுக்கு பிஸ்டன் கிட் கெடைக்குது. கூட்டம் இருக்கற வண்டிக்கு வெளிக்கம்பெனிக்காரன் சாமான் அடிச்சுக்கிட்டேதான் இருப்பான். உங்க மாடல் நெறைய வித்த மாடலா, கொஞ்சமா வித்ததாங்கறதுதான் இங்க கணக்கு. கொஞ்சமா வித்துட்டு நின்ன மாடலா இருந்தா நெசமாவே உஷாரா இருக்கணும்.

இப்ப அந்த பத்து பன்னெண்டு. மொத இடம் ஈசியூ, அதாவது பிஎஸ்6 வண்டியோட கம்ப்யூட்டர் பொட்டி. அப்புறம் மெயின் ஒயரிங், மீட்டர் போர்டு, சென்சார்கள், இன்ஜெக்டர், ஃப்யூவல் பம்ப். அதுக்கு அப்புறம் டிஃப்ரன்ஷியல் பல்சக்கரம், கியர் பாக்ஸ் உள் சாமான், ஸ்டியரிங் காலம், ஹெட்லைட் அசெம்பிளி, முன் கண்ணாடி. இதெல்லாம் பெரும்பாலும் அந்த மாடலுக்குன்னே செஞ்சது, வேறதுல இருந்து எடுத்து மாட்டறது கஷ்டம். ஈசியூ விஷயத்துல இன்னொரு சிக்கல், சில மாடல்ல பழைய வண்டி பொட்டியை கழட்டி போட்டா வேலை செய்யாது, கம்பெனி ஸ்கேனரால எழுதிக் குடுக்கணும். டீலர் இருக்கும்போதே இதை கேட்டு வைங்க. பழைய கார்புரேட்டர் வண்டிக்காரங்களுக்கு இந்த தலைவலி இல்ல, அவங்க பாக்கியசாலி.

எல்லாத்தையும் நீங்களே வாங்க சொல்லல. ஒரே மாடல் வெச்சிருக்கற ஆளுங்க ஸ்டாண்டுல அஞ்சாறு பேர் இருந்தா போதும், ஆளுக்கொண்ணா பிரிச்சு வாங்குங்க. ஒருத்தர் ஈசியூ, ஒருத்தர் மீட்டர், ஒருத்தர் பல்சக்கர செட். யாருக்கு மொதல்ல போகுதோ அவர் எடுத்துக்கிட்டு காசை குடுத்திடணும். இதுல சண்டை வராம இருக்கணும்னா வாங்கின பில்லை எல்லாரும் போட்டோ எடுத்து வெச்சுக்கறது நல்லது, பின்னாடி வெல ஏறினதும் "என் சாமானுக்கு டபுள் குடு"ன்னு ஒரு அண்ணன் கண்டிப்பா வருவார். கூடவே அதே மாடல்ல ஆக்சிடென்ட் ஆன வண்டி, எஃப்சி (வண்டி ஓடத் தகுதிங்கற சர்டிபிகேட்) காட்டாம கெடக்கற வண்டி ஏதாச்சும் கீழ மேட்டுப்பாளையம், கோயமுத்தூர் பக்கம் வந்தா எல்லாருமா சேந்து வாங்கிப் போட்டுடுங்க. முழு வண்டிக்கு குடுக்கற காசு சில சமயம் புது கியர் பாக்ஸ் காசுகூட ஆகாது. ஆர்சி கேன்சல் பண்ணித்தான் வண்டியை பிரிக்கணும், அதை மறந்துட்டா பின்னாடி யார் பேர்ல கேஸ் வரும்னு சொல்ல முடியாது. கீழ கெடைக்கலன்னா கடைசியா பழைய வண்டி சாமான் விக்கற மெட்ராஸ் புதுப்பேட்டை இருக்கவே இருக்கு, ஆனா அங்க வாங்கற இன்ஜினுக்கு பேப்பர் கேட்டு வாங்குங்க, இன்ஜின் நம்பர் மாறினா ஆர்டிஓ-ல சொல்லி ஆர்சி-ல ஏத்தியாகணும்.

வாங்கக்கூடாததும் இருக்கு. பேட்டரி, டயர், பெல்ட், ரப்பர் கப்ளிங் இதையெல்லாம் வருஷக்கணக்குக்கு வாங்கி அடுக்காதீங்க, சும்மா இருந்தே செத்துப்போகும். அதுவும் நம்ம மலை ஈரத்துல. வாங்கின பேரிங்கை கவர் பிரிக்காம வைங்க, பிரிச்சிருந்தா கிரீஸ் தடவி ஆயில் பேப்பர்ல சுத்துங்க. ஈசியூ, மீட்டரை ஏர் டைட் டப்பாவுல போட்டு, செருப்பு பொட்டியில வருமே அந்த சிலிகா பாக்கெட், அதை நாலஞ்சு போட்டு மூடுங்க. ஊட்டியில கந்தல், தலைகுந்தா பக்கம் உறைபனி காலத்துல வீட்டு சுவரே வேர்த்து கெடக்கும், அந்த சுவர் ஓரமா சர்க்யூட் போர்டை வெச்சா கப்ளர் காலு பச்சை பூத்துடும்.

சாமானை சேக்கறதைவிட தேய்மானத்தை கொறைக்கறது லாபம். மலையில கிளட்சும் பிரேக்கும்தான் மொதல்ல போகும். இறக்கத்துல நியூட்ரல்ல விடற பழக்கம் இன்னும் நெறைய பேருக்கு இருக்கு, டீசல் மிச்சமாம். டிரம் சூடேறி லைனிங் கருகி, டிரம்மே வளைஞ்சா அந்த டிரம் நாளைக்கு எங்க கெடைக்கும்? பர்லியார் இறங்கும்போதோ, 36 கொண்டை ஊசி இருக்கற கல்லட்டியிலயோ ஏறின கியர்லயே இறங்குங்க. ஊட்டி 2240 மீட்டர்ல இருக்கு, இங்க காத்தோட அழுத்தம் கீழ இருக்கறதுல முக்கால் பங்கு சொச்சம்தான், அதனால கீழ டியூன் பண்ணின கார்புரேட்டர் வண்டி இங்க பெட்ரோலை அதிகமா குடிச்சு கரும்புகை தள்ளும், ப்ளக் கறுக்கும், நாளடைவுல பிஸ்டனும் ரிங்கும் தேயும். மெயின் ஜெட்டை (கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஓட்டை) ஒரு சைஸ் சின்னதா போட்டா சரியாகும், ஆனா அதே ஜெட்டோட மேட்டுப்பாளையத்துல போய் நாள் கணக்கா ஓட்டாதீங்க, இன்ஜின் சூடாகிடும். இன்ஜெக்டர் வண்டி காத்தழுத்தத்தை சென்சார்ல பாத்து அதுவே சரி பண்ணிக்கும்.

இனிமே சொல்றதை ஸ்டாண்டுல யாரும் பேச மாட்டாங்க, ஆனா காசு போறது இங்கதான். இன்சூரன்ஸ்ல ஐடிவின்னு ஒண்ணு இருக்கு, வண்டி மொத்தமா போனா அவங்க குடுக்கற தொகை. அஞ்சு வருஷம் வரைக்கும் இதுக்கு ஒரு கழிவு கணக்கு உண்டு, ஒரு வருஷம் தாண்டினா 20 சதவீதம், ரெண்டு தாண்டினா 30, மூணு தாண்டினா 40, நாலு தாண்டினா 50. ஆனா கம்பெனி நிறுத்தின மாடலுக்கும் அஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கும் அந்த கணக்கு கெடையாது, இன்சூரன்ஸ்காரரும் நீங்களும் பேசி முடிவு பண்றதுதான் தொகை. நீங்க பேசலன்னா ஏஜென்ட் கம்ப்யூட்டர்ல வர்றதை போட்டுட்டு போயிடுவார். ரிப்பேர் செலவு ஐடிவில 75 சதவீதத்தை தாண்டினா வண்டியை டோட்டல் லாஸ்னு எழுதிடுவாங்க. யோசிச்சு பாருங்க, ஸ்பேர் வெல ஏறும், ஐடிவி கம்மியா இருக்கும், சின்னதா பொரண்டாலே வண்டி போச்சு. பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவால்லன்னு ஐடிவியை நியாயமான வெலைக்கு ஏத்தி வைக்க சொல்லுங்க. ரப்பர், பிளாஸ்டிக் சாமானுக்கு கிளெய்ம்ல பாதிதான் தருவாங்க, அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

கம்பெனிக்காரன் வாரண்டி சாமானே தராம இழுத்தடிச்சா 1915-க்கு போன் பண்ணி புகார் பதியலாம், தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயும் பேசலாம். அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் கமிஷன். "ஆட்டோ வாடகை வண்டி, அதனால நீ நுகர்வோரே இல்ல"ன்னு கம்பெனி வக்கீல் மொத வார்த்தையா சொல்வார். விடாதீங்க. பொழப்புக்காக, சொந்த உழைப்புல ஓட்டறதுக்கு வாங்கின பொருளை சட்டம் வியாபாரக் கணக்குல சேக்கறதில்ல, 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துலயே இருக்கு. ஒரு வண்டி வெச்சு நீங்களே ஓட்டறீங்கன்னா நீங்க நுகர்வோர்தான். பத்து வண்டி வாங்கி வாடகைக்கு விட்டவருக்கு இது பொருந்தாது. பிரச்சன ஆரம்பிச்ச நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், வண்டிக்கு குடுத்த தொகை அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸும் இல்ல.

இவ்ளோ பாத்தும் விக்கறதுதான் சரின்னு தோணுதா, வித்துடுங்க, தப்பே இல்ல. லோன் பாக்கி நெறைய இருந்து, வண்டியும் கொஞ்சமா வித்த மாடலா இருந்து, எட்டு வருஷம் தாண்டி வருஷா வருஷம் எஃப்சி காட்டற நெலமையும் வந்துட்டா நான்கூட விக்கத்தான் சொல்வேன். ஆனா சேதி வந்த வாரத்துல விக்காதீங்க, அப்ப புரோக்கர் வெச்சதுதான் வெல. ஒரு சீசன் போகட்டும். பர்மிட்டை மட்டும் வண்டியோட சேத்து விட்டுடாதீங்க, ஆர்டிஓ அனுமதி வாங்கி அதே பர்மிட்ல வேற வண்டியை ஏத்திக்கலாம், ரீப்ளேஸ்மெண்ட்னு சொல்வாங்க. புது வண்டி முடிவானதும் மொதல்ல அந்த அப்ளிகேஷன், அப்புறம்தான் பழசுக்கு பேர் மாத்தற ஃபாரம் 29, 30-ல கையெழுத்து. லோன் முடிஞ்சிருந்தா லோன் பிடிப்பை நீக்கற ஃபாரம் 35-ம், ஆட்சேபணை இல்லங்கற என்ஓசி-யும் ஃபைனான்ஸ்ல வாங்கி ஆர்சி-ல இருக்கற லோன் பிடிப்பை அடிச்சுட்டுதான் பேச்சையே ஆரம்பிக்கணும், இல்லன்னா அதை சொல்லியே வாங்கறவன் அஞ்சாயிரம் பத்தாயிரம் கொறைப்பான். சேத்து வெச்ச ஸ்பேரை வண்டியோட குடுக்காதீங்க, தனியா வெல பேசுங்க, அதே மாடல் வெச்சிருக்கறவன் ஸ்டாண்டுலயே இருப்பான்.