பிள்ளை 'நாரி நோகுது' என்று சொன்னால்

பிள்ளை வந்து முதுகு நோகுது, நாரி நோகுது என்று சொன்னால் எங்கள் வீடுகளில் உடனே வரும் பதில், 'வளருற வயசு, அப்பிடித்தான் இருக்கும்.' தயவுசெய்து அப்படிச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். வளர்த்தி நோ என்பது கால்களில், அதுவும் பின்னேரமோ இரவோ வருவது. முதுகு நோவை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அதற்காகப் பதறவும் வேண்டாம், பதின்ம வயதில் இது நிறையப் பேருக்கு வரும், பெரும்பாலும் தசை களைத்து வந்த நோவாக இருக்கும், சில கிழமைகளில் தானாக மாறிவிடும்.

முதலில் பிள்ளையை இருத்திக் கேளுங்கள். எங்கே நோகிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். குனிந்தால் நோகிறதா, பின்பக்கம் வளைந்தால் நோகிறதா? இந்த ஒரு கேள்வியை நாங்கள் கேட்காமல் விட்டோம். அக்காவின் மகனுக்கு 15 வயது, வலக்கையால் வேகப்பந்து வீசுகிறவன். இடப்பக்க நாரி நோகுது என்றான், எண்ணெய் பூசி உருவிவிட்டார்கள், அவனும் மாட்ச் வருகுது என்று பந்து வீசிக்கொண்டே இருந்தான். இரண்டு மாதம் கழித்து ஸ்கான் எடுத்தபோதுதான் அடிமுதுகு எலும்பில் மெல்லிய வெடிப்பு என்று தெரிந்தது. வளரும் வயதில் வேகப்பந்து வீசுபவர்களுக்கு இது வருவது வழமை, பின்பக்கம் வளையும்போது ஒரு பக்கம் குத்தும், எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். உடனே விளையாட்டை நிறுத்தினால் அநேகமாகப் பொருந்திவிடும், ஆனால் மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும்.

அடுத்தது புத்தகப்பை. நிறுத்துப் பாருங்கள், வீட்டில் தராசு இல்லையென்றால் பக்கத்துக் கடையில் வையுங்கள். பிள்ளையின் நிறையில் 10 முதல் 15 வீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள், அதாவது 40 கிலோ பிள்ளைக்கு 4 முதல் 6 கிலோ. என் மகளின் பை ஏழரைக் கிலோ இருந்தது! கொட்டிப் பார்த்தால் போன தவணைக் கொப்பிகள், ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல், அடுத்த நாள் ரியூசன் நோட்ஸ் எல்லாம் உள்ளே. பைதான் நோவுக்குக் காரணம் என்று ஆய்வுகள் உறுதியாகச் சொல்லவில்லை, ஆனால் களைத்த முதுகுக்கு அது மேலதிகச் சுமை, குறைப்பதில் ஒரு நட்டமும் இல்லை. இரண்டு பட்டியையும் போடட்டும், பாரமான புத்தகம் முதுகோடு ஒட்டி இருக்கட்டும், சைக்கிளில் போகும்போது பையைக் கரியரில் கட்டிவிடுங்கள்.

என்னைக் கேட்டால் பையை விடப் பெரிய பிரச்சினை இருப்புத்தான். காலையில் பள்ளிக்கூட வாங்கு, பின்னேரம் சாய்மானம் இல்லாத ரியூசன் வாங்கு, இரவு கட்டிலில் கூனிக்கொண்டு போன். சாதாரண தரம், உயர்தரம் படிக்கிற பிள்ளை எப்போதுதான் ஓடி விளையாடுவது? வீட்டில் படிக்கும்போது அரை மணிக்கு ஒருமுறை எழுப்பி முற்றத்தில் ஒரு சுற்று நடக்க விடுங்கள். கதிரையில் இருந்தால் கால் நிலத்தில் படவேண்டும், எட்டாவிட்டால் ஒரு பலகை வையுங்கள்.

நோகும் நாட்களில் படுக்கையில் போட்டு வைக்காதீர்கள், மெதுவாக நடமாடினால்தான் கெதியாக மாறும். 15 நிமிடம் சூட்டு ஒத்தடம், தேவையென்றால் நிறைக்கு ஏற்ற அளவில் பனடோல். அஸ்பிரின் வேண்டாம். முதுகில் ஏறி மிதிப்பது, நெட்டி முறிப்பது, இழுத்துச் சுளுக்கெடுப்பது ஒன்றும் வேண்டாம்.

அப்புறம், நோ இல்லாவிட்டாலும் 10 வயதுக்குப் பிறகு வருடத்தில் இரண்டு தடவை முதுகைப் பாருங்கள். மேற்சட்டை இல்லாமல், கால்களைச் சேர்த்து, முழங்கால் மடியாமல், கைகளைக் கூப்பிக்கொண்டு குனியச் சொல்லுங்கள், நீங்கள் பின்னால் இருந்து முதுகின் மட்டத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். ஒரு பக்க விலா மற்றதை விட உயர்ந்து நின்றால் முள்ளந்தண்டு வளைந்திருக்கலாம். இந்த வளைவு பெரும்பாலும் நோகாது, பெண்பிள்ளைகளில்தான் கூடிக்கொண்டு போவது அதிகம், வளர்ச்சி முடியமுன் கண்டால் பெல்ட் போட்டுக் கூடாமல் தடுக்க வழி இருக்கிறது.

இனி, பொறுக்கக்கூடாதவை. நித்திரையில் இருந்து எழுப்புகிற நோ, காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, காலில் விறைப்பு அல்லது பலவீனம், விழுந்த பிறகு வந்த நோ, காலையில் அரை மணிக்கு மேல் முதுகு இறுகி நிற்பது, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையின் முதுகு நோ. இவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியரிடம் போங்கள். சலமோ மலமோ கட்டுப்படாமல் போனால் அன்றைக்கே, அந்த நேரமே. ஒன்றும் இல்லாமல் நோ மட்டும் நாலு கிழமைக்கு மேல் நின்றாலும் காட்டத்தான் வேண்டும். யாழ் போதனா வைத்தியசாலை தூரமென்றால் பருத்தித்துறை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. போகும்போது எப்போது தொடங்கியது, எதைச் செய்தால் கூடுகிறது என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள், உள்ளே வைத்தியர் கேட்கும்போது பிள்ளையையே பதில் சொல்ல விடுங்கள்.