ராஜாவை விடுங்கள், கணக்குப்பிள்ளையைப் பிடியுங்கள்

ஐரோப்பாவில் மன்னராட்சி வலுப்பெற்ற கதை என்றாலே என் மாலை வகுப்பில் பாதிப் பேர் ராஜாக்களின் பெயரை மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். பரீட்சை முடிந்த மறுநாள் எந்த லூயி எந்த எண் என்று யாருக்கும் நினைவிருக்காது.

அதற்குப் பதில் ஒரே ஒரு நாட்டை எடுங்கள். பிரான்ஸ் வசதி. நோட்டுப் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் 'சிப்பாய்க்குச் சம்பளம் கொடுத்தது யார்?', வலப்பக்கம் 'அந்தப் பணம் யார் மடியிலிருந்து வந்தது?' என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இடப்பக்கம் முதலில் 1439. அரசர் அனுமதியில்லாமல் எந்தப் பிரபுவும் படை திரட்டக் கூடாது என்று ஏழாம் சார்லஸ் ஆணை போட்டார். காகிதத்தில் போட்டால் யார் கேட்பார்கள்? இங்கிலாந்தோடு நடந்த நூறாண்டுப் போரில் கூலிக்குச் சண்டை போட்டவர்கள், சண்டை ஓய்ந்த நாட்களில் ஊர் ஊராகக் கொள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். 1445இல் அவர்களில் தேறியவர்களைப் பொறுக்கிச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு, மீதிப் பேரைக் கலைத்தார். 15 அணிகள், அணிக்கு 100 'லான்ஸ்'. லான்ஸ் என்றதும் ஈட்டி என்று எழுதிவிடாதீர்கள். அது ஆறு பேர் கொண்ட குழு: கவச வீரர் ஒருவர், அவருடைய உதவி வீரர் ஒருவர், எடுபிடிப் பையன் ஒருவன், வில்லாளிகள் இருவர், வேலையாள் ஒருவர். பெருக்கினால் 9,000 வருகிறதா? சரி, இத்தனை பேருக்கும் மாதாமாதம் யார் படியளப்பது?

இப்போது வலப்பக்கம் போங்கள். இந்தச் சம்பளத்துக்குப் பணம் தந்தது ஒரு வரி. அதன் பெயரைப் (taille) பிரெஞ்சில் கிட்டத்தட்ட 'தாய்' என்றே உச்சரிப்பார்கள். பெயரில்தான் தாய். பிரபுக்களும் பாதிரிமாரும் பொதுவாகக் கட்ட வேண்டியதில்லை, குடியானவர்கள் கட்ட வேண்டும். வசூலிக்க ஊரிலேயே சிலரைப் பிடித்துப் போடுவார்கள். தொகை குறைந்தால் அவர்களே சிறைக்குப் போக வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் தட்டப் போகிறவனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பிரபுக்கள் ஏன் பெரிதாகத் தடுக்கவில்லை என்பதற்கும் பாதி விடை இங்கேயே இருக்கிறது: அவர்கள் மடி கனக்கவில்லை.

அப்புறம் பக்கத்தின் அடியில் 1539ஐக் குறியுங்கள். வில்லர்-கொத்தரே என்ற ஊரில் அரசர் போட்ட ஆணை: நீதிமன்ற ஆவணங்கள் லத்தீனில் அல்ல, பிரெஞ்சில். ஞானஸ்நானப் பதிவேடும் கட்டாயம். இந்த இடத்தில்தான் பலர் 'தேசிய அரசு பிறந்தது' என்று எழுதி மாட்டிக்கொள்வார்கள். பிரெஞ்சு அல்லாமல் பிரெத்தோன், ஆக்சிதான், பாஸ்க் மொழிகள் பேசிய குடிகள் ஏராளம். அரசு கெட்டிப்பட்டது என்று மட்டும் எழுதுங்கள்.

சரிபார்க்க போலந்தைப் பக்கத்தில் வையுங்கள். அங்கே 1652இல் பிரபுக்கள் சபையின் உறுப்பினர் ஒருவர் மறுத்தே கூட்டம் முடங்கியது. வரிக்கும் படைக்கும் சபையின் சம்மதம் வேண்டும். 1795இல் அந்த நாடே வரைபடத்தில் இல்லை.

அடுத்து ஸ்பெயின். இதில் நானே பல வருடம் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். '1469 திருமணத்தோடு ஸ்பெயின் ஒன்றானது' என்று கரும்பலகையில் எழுதியபோது, கடைசி பெஞ்ச் பெண் ஒருத்தி எழுந்தாள்: "அப்படின்னா ரெண்டு ராஜ்யத்துக்கும் தனித்தனி சபை எதுக்கு சார்?" காஸ்டில் இசபெல்லா, அரகோன் ஃபெர்டினாண்ட் கல்யாணம் இரண்டு கிரீடங்களைத்தான் சேர்த்தது. அரகோனின் தனிச் சட்டங்கள் 1707 வரை நீடித்தன. ஸ்பெயினுக்குக் கோடு போடும்போது காஸ்டிலுக்கு ஒரு பக்கம், அரகோனுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.