சிறுநீர் நின்ற பிறகு வயிற்று டயாலிசிஸ்: எங்கெல்லாம் தவறுகிறோம்

சிறுநீரகம் செயலிழந்தவரின் வயிற்றுக்குள் குழாய் வழியே பைத் திரவத்தை நிரப்பி, சில மணி நேரம் கழித்து வடித்து, வயிற்றின் உள்சவ்வு வழியாகக் கழிவையும் மிகுநீரையும் இறக்குவதுதான் பெரிட்டோனியல் டயாலிசிஸ். அதைத் தொடங்கும்போது பலருக்குக் கொஞ்சமாவது சிறுநீர் போய்க்கொண்டிருக்கும். நாளாக நாளாக அது குறைந்து, சிலருக்கு நாளுக்கு 100 மில்லிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மருந்துச் சீட்டு மட்டும் ‘நான்கு முறை, இரண்டு லிட்டர்’ என்று பழையபடியே கிடக்கும். முதல் தவறு இது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 8 லிட்டர் உள்ளே போய் 9 லிட்டர் வெளியே வந்தால் வாரத்துக்கு 63 லிட்டர். 70 கிலோ ஆணின் உடல்நீர் சுமார் 40 லிட்டர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் வருவதுதான் யூரியா நீக்கத்தை அளக்கும் ‘கேடி/வி’. அது இங்கே 1.6-ஐக்கூடத் தொடவில்லை, வழிகாட்டுதல்கள் வெகுகாலம் கேட்டுவந்த குறைந்தபட்சம் 1.7. இதே நான்கு பை 50 கிலோ பெண்ணுக்குத் தாராளம். பெரிய உடலுக்கு ஐந்தாவது பை சேர்ப்பதைவிட, ஒவ்வொரு பையையும் இரண்டரை லிட்டராக்குவது எளிது. படுத்திருக்கையில் வயிற்றழுத்தம் குறைவு என்பதால் இரவுப் பையில் தொடங்கலாம்.

எண் வந்துவிட்டது என்று நிம்மதியடைவதை இன்னும் பெரிய தவறு என்பேன். மெக்சிகோவில் 965 பேரிடம் நடந்து 2002-இல் வெளியான அடெமெக்ஸ் ஆய்வில், கழிவு நீக்கத்தைக் கூட்டியும் ஆயுள் கூடவில்லை. சிறுநீரே வராதவர்களை மட்டும் பின்தொடர்ந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்றிலோ (2003), தொடக்கத்தில் நாளுக்கு 750 மில்லிக்கும் குறைவாக டயாலிசிஸில் நீர் இறங்கியவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்தது. கவனம் போகவேண்டிய இடம் நீரும் உப்பும்.

நீர் இறங்காவிட்டால், நீரை அதிகம் இழுக்கும் அடர் குளுக்கோஸ் பைக்குத் தாவுகிறோம். அதையே அன்றாடமாக்கினால் சர்க்கரையும் எடையும் ஏறும், சவ்வும் நாளடைவில் கெடும். தட்டில் ஊறுகாயும் அப்பளமும் இருக்கும்வரை தாகம் அடங்காது, உப்பிலிருந்து தொடங்குங்கள். பிறகு சவ்வின் வேகத்தைக் காட்டும் பெட் பரிசோதனை (பெரிட்டோனியல் சமநிலைப் பரிசோதனை, பெட் ஸ்கேன் அல்ல). வேகமான சவ்வில் குளுக்கோஸ் சீக்கிரம் உறிஞ்சப்படுவதால், நெடுநேரம் விட்ட பையின் நீர் உடலுக்கே திரும்பிவிடும். அந்த நீண்ட நேரத்துக்கு ஏற்றது, குளுக்கோஸுக்குப் பதில் மெதுவாக உறிஞ்சப்படும் ஐகோடெக்ஸ்ட்ரின் கலந்த திரவம். (சில வகை குளுக்கோமீட்டர்கள் அப்போது சர்க்கரையைப் பொய்யாக அதிகம் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் ஆபத்து. உங்கள் கருவி பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.)

இரவில் திரவத்தைத் தானே மாற்றும் கருவியை இணைத்துக்கொண்டு பகலில் வயிற்றைக் காலியாக விடுவது வசதிதான். ஆனால் பாஸ்பேட்டும் பெரிய மூலக்கூறுகளும் மெதுவாகவே வெளியேறுபவை. சிறுநீர் இல்லாதவருக்குப் பகல் பை பெரும்பாலும் தேவைப்படும்.

அளப்பதிலும் கோளாறு உண்டு. பைகளில் அச்சிட்டதைவிடச் சற்றுக் கூடுதலாகவே திரவம் இருக்கும். அதைக் கழிக்காவிட்டால் இறங்காத நீரை இறங்கியதாக எழுதிவைப்போம். வடிதல் திடீரென்று குறைந்தால் சவ்வைச் சந்தேகிக்கும் முன் மலச்சிக்கலைப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு வீக்கம் வற்றாமல் பசியும் எடுக்காமல் இருந்தால், இரத்தத்தைக் கருவியில் சுத்திகரிக்கும் ஹீமோடயாலிசிஸ் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்துப் போடும் ஃபிஸ்டுலா முதிர வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.