முன்சக்கர ரேஸ் காருக்கு லிமிடெட் ஸ்லிப் டிஃப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லிமிடெட் ஸ்லிப் டிஃப் (டிஃபரன்ஷியல்) என்பது, எஞ்சின் சுழற்றும் இரண்டு சக்கரங்களும் ஒன்றைவிட ஒன்று கட்டுப்பாடில்லாமல் வேகமாகச் சுழன்றுவிடாதபடி பிடிக்கும் அமைப்பு, அந்தப் பிடிப்பைத்தான் லாக் என்கிறோம். முன்சக்கர கார் என்றால் எஞ்சின் முன்சக்கரங்களைச் சுழற்றும் கார். புதிதாக ரேஸ் கார் கட்டுகிறவர்களைப் பார்த்தால், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள் வரிசையாகத் திரும்ப வருகின்றன. ஸ்ப்லைன் (டிரைவ் ஷாஃப்ட் நுழையும் பல்வரிசை) பொருந்துமா, கிளாஸ் விதியில் அனுமதி உண்டா என்பதையெல்லாம் எவரும் வாங்கும் முன்னே பார்த்துவிடுவார்கள், விட்டுவிடுகிறேன்.

பின்சக்கர காரின் செட்டிங்கை அப்படியே போடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். பின்சக்கர கார் ஓட்டும் நண்பர் 2-வே பிளேட் டிஃப் (பிளேட்டுகளின் உராய்வால் லாக் ஆவது), இறுக்கமான பிரீலோட் (பிளேட்டுகளில் எப்போதும் இருக்கும் அடிப்படை அழுத்தம்) என்று வைத்திருப்பார், லாக் அதிகமானால் வேகமும் அதிகம் என்பார், புதிதாகக் கார் கட்டுகிறவரும் அதையே ஆர்டர் செய்வார். 2-வே என்றால் ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் லாக், விட்டாலும் லாக். வளைவுக்குள் நுழையும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றியாக வேண்டும். அந்த நேரத்தில் டிஃப் லாக் ஆனால் வெளிச்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும், உள்சக்கரத்தைத் தள்ளும், கார் திரும்ப மறுக்கும். பின்சக்கர காரில் அதனால் வால் நிதானப்படும், முன்சக்கரங்கள் தம் பாட்டுக்குத் திரும்பும். நம் காரிலோ திருப்புவதும் இழுப்பதும் அதே இரண்டு டயர்கள்.

செலவு அப்புறம்தான் தொடங்கும். ஒரு இளைஞர் அண்டர்ஸ்டியர் (ஸ்டீயரிங் திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாதது) என்று ஆன்ட்டி ரோல் பாரை மாற்றினார், பிறகு ஸ்பிரிங், பிறகு கேம்பர், பிறகு ஒரு செட் டயர். சீசனே போய்விட்டது. டிஃபைப் பாருங்கள் என்றால், அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதில் தப்பு இருக்காது என்றார். கடைசியில் கியர்பாக்ஸை இறக்கித் திறந்து ரேம்ப் ரிங்கை (பிளேட்டுகளை அழுத்தும் சாய்தளம் உள்ள வளையம்) மாற்றிய பிறகுதான் கார் ஒழுங்காகத் திரும்பியது. காரில் ஏற்றும் முன்பே மேசைமேல் முடித்திருக்க வேண்டிய வேலை அது!

வளைவிலிருந்து வெளியேறும்போது கதை வேறு. எடை குறைந்த உள்சக்கரம் வெளிச்சக்கரத்தை முந்திச் சுழலப் பார்க்கும். அப்போது லாக் ஆகும் டிஃப் விசையை வெளிச்சக்கரத்துக்கு அனுப்பி மூக்கை உள்ளே இழுக்கும். நமக்கு வேண்டியது இந்த லாக் மட்டும்தான். ஆகவே 1-வே (மிதித்தால் மட்டும் லாக்) அல்லது மென்மையான 1.5-வே (விட்டால் குறைவான லாக்), குறைந்த பிரீலோட், அங்கிருந்து தொடங்குங்கள். ரேம்ப் கோணம் சிறியதானால் லாக் அதிகம்: 80 டிகிரியைவிட 45 டிகிரி கடுமையாகப் பிடிக்கும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறவர்கள் நிறைய.

ஹெலிக்கலே எல்லாவற்றுக்கும் போதும் என்று நம்புவது

ஹெலிக்கல் டிஃப் பிளேட்டுகளுக்குப் பதில் சாய்பல் கியர்களால் வேலை செய்வது. தேய்வதற்குப் பிளேட் இல்லை, ஸ்டீயரிங்கும் மென்மை, நல்ல டிஃப்தான். ஆனால் பிடிப்பு குறைந்த சக்கரம் தாங்கும் முறுக்குவிசைக்கு இத்தனை மடங்கு என்ற கணக்கில்தான் அது மறுபக்கம் கொடுக்கும். உள்சக்கரம் அந்தரத்தில் நின்றால் பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம். கெர்ப் (டிராக் ஓர மேடு) ஏறி ஓட்டும் டிராக், கடினமான முன்பக்க ஆன்ட்டி ரோல் பார் என்றால் பிளேட் டைப்பே சரி.

வெல்டிங்

டிஃபின் கியர்களை வெல்டிங் செய்து நிரந்தரமாக லாக் ஆக்குவதா? வேண்டாம்.

எண்ணெய்

பெரும்பாலான முன்சக்கர கார்களில் டிஃபும் கியர்பாக்ஸும் ஒரே எண்ணெயில் ஓடுகின்றன. பிளேட்டுக்கு ஒத்துக்கொள்ளும் எண்ணெய் சிங்க்ரோவுக்கு (கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பாகம்) ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

பிரீலோடை அளக்காமல் விடுவது

பிளேட் தேயத் தேய பிரீலோட் இறங்கும். ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, டார்க் ரெஞ்சால் திருப்பி, எந்த அளவில் நழுவத் தொடங்குகிறது என்று குறித்து வையுங்கள். புதிதாகப் பொருத்திய அன்றே அளந்திருந்தால்தான் பிறகு ஒப்பிட முடியும்.