“படிப்பதில்லை” என்று முடிவு கட்டும் முன்: உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பற்றி ஆசிரியர் அறையில் மிக எளிதாகச் சொல்லப்படும் வாக்கியம் “அவன் படிப்பதில்லை” என்பதுதான். அதைச் சொன்ன பிறகு அவனைப் பற்றி யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. பாடம் நடத்துவது நம் வேலை, பிள்ளையின் வீட்டுநிலையைப் பார்ப்பது வேறு யாரோ ஒருவருடைய வேலை என்று நாமே கோடு கிழித்துக்கொண்டோம். காவிரிப் படுகைப் பள்ளிகளில் நான் செய்த தவறுகளும் பிறர் செய்யக் கண்ட தவறுகளும் பெரும்பாலும் அந்தக் கோட்டிலிருந்து பிறந்தவை.

வருகைப் பதிவை எண்ணிக்கைக்காக மட்டும் பார்ப்பதை முதலில் சொல்ல வேண்டும். காலையில் செயலியில் பதிந்து அனுப்பிவிட்டால் கடமை முடிந்ததாகக் கருதுகிறோம். ஆனால் ஒரு மாத வருகையை விரித்து வைத்துக்கொண்டு, ஒரே ஒரு பெயரின் வரிசையை மட்டும் படித்துப் பார்த்தால், பிள்ளை வராத நாட்களுக்கு ஓர் ஒழுங்கு இருப்பது தெரியவரும். ஆவணியிலும் தையிலும் முகூர்த்த நாளுக்கு மறுநாள் வராத பையன், பெரும்பாலும் முதல் நாள் இரவு கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறியிருப்பான். நாகை, வேதாரண்யம் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறப்பதோ பெரும்பாலும் ஜூன் தொடக்கத்தில். விசைப்படகுகள் அப்போது கரையில்தான் நிற்கும்; அவற்றை நம்பிய வீடுகளில் கையில் காசு இருக்காது. அந்த முதல் வாரத்திலேயே அப்படிப்பட்ட வீட்டுப் பையனை வடிவியல் பெட்டி ஏன் வாங்கவில்லை என்று எழுப்பி நிற்க வைத்தால், மறுநாளும் அவன் வராமல் இருப்பதற்கு நாமே காரணம் தேடிக் கொடுத்தவர்கள் ஆவோம்.

பணியில் சேர்ந்த புதிதில், முதல் பாடவேளையில் நாள்தோறும் தூங்கிவிழுந்த ஒரு மாணவனை மூன்று வாரம் வகுப்பின் பின்னால் நிற்க வைத்தேன். அவனும் ஒரு வார்த்தை பேசாமல் நின்றான். மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராத ஆண்டு அது. தகப்பனார் சிங்கப்பூரில் இருக்க, தாத்தா படுத்த படுக்கையாகிவிட, குறுவை நாற்றங்காலுக்கு ஆழ்குழாய் மோட்டார் போட இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து வயலுக்குப் போய்வந்தவன் அவன்தான் என்பதை, அவனுடைய அப்பாயி கடைத்தெருவில் தற்செயலாகச் சொல்லித்தான் அறிந்தேன். அவனிடமே தனியாக ஒருமுறை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

பாடம் கற்பிப்பதிலும் இதே கேள்வி கேட்காத பழக்கம்தான் நம்மைக் கெடுக்கிறது. ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் (அ+ஆ)² என்பதை அ²+ஆ² என்று எழுதும் மாணவர்கள் எல்லா ஆண்டும் இருக்கிறார்கள். சிவப்பு மையால் சுழித்து, சரியான சூத்திரத்தைப் பத்து முறை எழுதச் சொல்வது வழக்கம். பத்து முறையும் அவர்கள் சரியாகவே எழுதுவார்கள். அடுத்த தேர்வில் மீண்டும் அ²+ஆ² என்றே எழுதுவார்கள். ஏனென்றால், அந்தப் பிழை மறதியால் வந்ததன்று. வர்க்கத்தைப் பரப்பாகப் பார்க்காததால் வந்தது.

இதைத் திருத்தும் கருவி இந்த ஊர்ப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது. 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்பதை அவர்கள் பெரியவர்கள் பேசக் கேட்டே வளர்ந்தவர்கள். ஒரு குழியின் பரப்பு 144 சதுர அடி. பக்கத்தின் 12 அடியைப் பத்தாகவும் இரண்டாகவும் பிரித்து, 10²+2² என்று கூட்டச் சொன்னால் 104 தான் வரும். மீதி 40 சதுர அடி நிலம் எங்கே போயிற்று என்று கேட்டுவிட்டு ஆசிரியர் சிறிது நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பள்ளி முற்றத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்தால், 10 அடி நீளமும் 2 அடி அகலமும் கொண்ட இரண்டு துண்டுகள் விடுபட்டிருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். ‘2அஆ’ என்பது அந்த இரண்டு துண்டுகள்தான். நிலத்தில் 40 சதுர அடி காணாமல் போனால் சும்மா இருக்கும் வீடு இந்தப் பக்கத்தில் கிடையாது என்பதால், சூத்திரமும் மறப்பதில்லை.

‘மெல்லக் கற்போர்’ என்று ஜூன் மாதத்திலேயே பட்டியல் போடுவது இன்னொரு தவறு. தேர்ச்சிக்கு வேண்டிய 35 மதிப்பெண்ணுக்காகக் குறைந்தபட்சக் கையேட்டைக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைப்பதைப் பத்தாம் வகுப்பில் பிப்ரவரி மாதம் செய்தால் நான் குறை சொல்ல மாட்டேன்; அப்போது வேறு வழியும் இருக்காது. ஆண்டின் தொடக்கத்திலேயே அதைச் செய்தால், எழுத்துக்கூட்டி வாசிப்பவன், வாசித்தும் பொருள் புரியாதவன், கரும்பலகை கண்ணுக்குத் தெரியாதவன் ஆகிய மூவரையும் ஒரே பெயரில் அழைத்து ஒரே மருந்தைக் கொடுத்தவர்கள் ஆகிறோம். மூன்றாமவனுக்கு வேண்டியது கண் பரிசோதனையும் ஒரு கண்ணாடியும் மட்டுமே.

வகுப்பறையில் சத்தமாகச் சொல்லக் கூடாதவை சில உண்டு. கல்வி உதவித்தொகைப் படிவத்துக்காகச் சாதிப் பிரிவைச் சொல்லிப் பிள்ளைகளை எழுப்பி நிற்க வைப்பது இன்றும் நடக்கிறது; பெயர்களை மட்டும் தாளில் எழுதித் தனித்தனியே அழைத்தால் ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். பூப்பெய்தி இரண்டு வாரம் கழித்து வரும் மாணவியிடம் விடுப்புக்குக் காரணத்தை எல்லார் முன்னும் கேட்பதும் இதே வகைதான். அடிப்பதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவில் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது என்பதைப் பலர் படிக்காமல் விடுகிறார்கள்.

மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம், பிள்ளை நம்மை நம்பித் தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லும் தருணம். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று இரக்கத்தால் வாக்குக் கொடுத்துவிடுகிறோம். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. 18 வயதுக்கு உட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்திருப்பதை அறிந்தவர் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு. தராமல் இருப்பது 21-ஆவது பிரிவின்படி குற்றம். ஆகவே, “உனக்கு உதவக் கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்” என்று முதலிலேயே கூறிவிடுவதுதான் நேர்மை. அடுத்த தவறு, உண்மைதானா என்று பார்ப்பதற்காக வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுவினர் என்று ஒருவர் பின் ஒருவராகப் பிள்ளையை விசாரிப்பது. சொன்னதைச் சொன்னபடி ஒருமுறை குறித்துக்கொண்டு, தேதியிட்டு, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் காவல்துறைக்கும் தெரிவிப்பதோடு பள்ளியின் விசாரணை நின்றுவிட வேண்டும். வாக்குமூலம் வாங்கும் முறையையும் சட்டமே வகுத்திருக்கிறது: பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, இயன்றவரை சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து வாங்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்ற ஆலோசனை எப்படியும் வரும். பள்ளியின் பெயர் கெடும் என்ற கவலையும் கூடவே வரும். இரண்டுக்கும் செவி கொடுக்கக் கூடாது.

புயல், வெள்ளத்துக்குப் பின் பள்ளி திறந்ததும் விட்ட பாடத்தைப் பிடிக்க ஓடுவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகில் கரையைக் கடந்தபோது, ஓடும் கூரையும் போனதோடு, பல வீடுகளின் வருமானமாக இருந்த தென்னந்தோப்புகளும் ஒரே இரவில் சாய்ந்தன. நோட்டு நனைந்ததை எல்லாப் பிள்ளையும் சொல்லும், தோப்பு போனதை எல்லாப் பிள்ளையும் சொல்லாது. அப்படிப்பட்ட ஆண்டில் அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு ஒரு பிள்ளையை எடைபோட்டால் கணக்கு தவறாகத்தான் வரும்.

கல்வியாண்டு முடிவில் அடுத்த வகுப்பாசிரியரிடம் வகுப்பை ஒப்படைக்கும்போதும் கவனம் வேண்டும். “இவன் வால், அவள் அழுமூஞ்சி” என்ற தீர்ப்புகளைத்தான் தவறாமல் கைமாற்றுகிறோம். யார் பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கிறார், யார் இரவு வேலைக்குப் போகிறார், யாருக்குப் பின்னக் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே விட்டுப்போயிருக்கிறது, யாரை முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பதை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால், புதிய ஆசிரியருக்கு ஜூன், ஜூலை இரண்டு மாதங்கள் மிச்சமாகும். பிள்ளை நம்மிடம் அந்தரங்கமாகச் சொன்னவற்றை அந்தத் தாளில் சேர்க்கக் கூடாது.